பறவைகளின் பதிவாளர் சலீம் அலி

நுழையும்முன்

கண்ணால் காண்பது எல்லார்க்கும் வாய்ப்பது. கண்டதை நாளும் இடமும் குறித்து எழுதி வைப்பது சிலருக்கே வாய்க்கும். எழுதியதைப் பிறரோடு பகிர்ந்து, பிறர் எழுதியதையும் பெற்று, இரண்டையும் ஒப்பிட்டு உண்மை காண்பது அறிவியலாகும். இந்தியப் பறவையியலை அவ்வாறு வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சலீம் அலி. பட்டம் பெறாதவர், வேலை இழந்தவர், இல்வாழ்வின் துணையை இடைவழியில் இழந்தவர். எனினும் எழுதுவதையும் பகிர்வதையும் அவர் இறுதிவரை நிறுத்தவில்லை. அவரது வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மலையடிவாரத்து விருந்தினர்

தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில், மேகமலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் சுருளிப்பட்டி. மார்கழி மாதத்தில் விடியற்பொழுதில் அவ்வூரின் திராட்சைப் பந்தல்களுக்கு இடையே நடந்து சென்றால், கோடையில் காணாத சில விருந்தினரைக் காணலாம். மலையிலிருந்து இறங்கும் நீரோடையின் கற்களில் ஒரு சிறு பறவை வாலை மேலும் கீழும் அசைத்தபடி ஓடித்திரியும். அதன் முதுகு சாம்பல் நிறம். வயிற்றின் அடிப்பகுதி மஞ்சள். அதன் பெயர் சாம்பல் வாலாட்டி. மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாய் அமர்ந்திருக்கும். வயல்வரப்பின் சேற்றில் உள்ளான் இரை தேடும். புதர்களின் நிழலிலிருந்து காலையிலும் மாலையிலும் ஆறுமணிக்குருவி குரல் கொடுக்கும். பங்குனி, சித்திரை வெயில் ஏறும்போது இவை அனைத்தும் ஊரைவிட்டுச் சென்றுவிடும்.

இவை எங்கிருந்து வந்தன? எங்கே போயின? சுருளிப்பட்டியில் மட்டும் நின்று பார்ப்பவர் இவ்வினாவிற்கு விடை காண இயலாது. இமயத்தின் நீரோடை ஒன்றில் கோடையில் வாலாட்டியைக் கண்டவர் அதனை எழுதி வைக்க வேண்டும். இடைவழியில் புரட்டாசியில் கண்டவரும் எழுத வேண்டும். சுருளிப்பட்டியில் மார்கழியில் கண்டவரும் எழுத வேண்டும். அம்மூவர் எழுதியவையும் ஓரிடத்தில் சேர வேண்டும். அப்போதுதான் ஒரு பறவையின் பயணம் முழுமையாகப் புலப்படும். எனவே பறவைகளின் வலசை பற்றிய அறிவு தனி ஒருவரின் சொத்தாக இருக்க முடியாது. இவ்வுண்மையை உணர்ந்து, இந்தியா முழுவதும் அத்தகைய அறிவுத்தொடர்பு உருவாக உழைத்தவர் சலீம் அலி.

சிட்டு காட்டிய வழி

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். பெற்றோரின் பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர் அவர். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவர்தம் மனைவி அமீதா பேகமும் மக்கட்பேறு இல்லாதவர்கள். அவர்களே அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக எண்ணி, கேத்வாடி என்னும் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் விருப்பம் உடையவர். அக்காலத்தில் வேட்டை வீரம் எனப் போற்றப்பட்டது. சிறுவன் சலீமுக்கும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. வீட்டின் குதிரைக் கொட்டிலில் சிட்டுக்குருவிகள் இணையாய்க் கூடு கட்டியிருந்தன. ஆண்குருவி கூட்டின் வாயிலில் காவல் இருக்கும். சிறுவன் அதனைச் சுட்டு வீழ்த்தினான். சிறிது நேரத்திற்குள் அப்பெண்குருவி மற்றோர் ஆண்குருவியை இணையாகப் பெற்றுவிட்டது. அதனையும் அவன் சுட்டான். இவ்வாறு ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் புதிய ஆண்குருவி ஒன்று காவலுக்கு வந்தது. செயலால் நோக்கினால் இது விளையாட்டுப் பிள்ளையின் கொடுமை. ஆயினும் அச்சிறுவன் மற்றொன்றும் செய்தான். தான் கண்டதை ஒரு தாளில் எழுதி வைத்தான். பத்து வயதளவில் அவன் எழுதிய அக்குறிப்பு, பல பத்தாண்டுகளுக்குப் பின்னர்ப் பறவை நோக்குநர்களின் செய்திமடல் ஒன்றில் அச்சேறியது. வேட்டைப் பெருமைக்காக எழுதப்பட்ட அது, பறவைகளின் இணைவாழ்வு பற்றிய ஒரு சான்றாக மதிக்கப்பட்டது.

பின்னொரு நாள் அவன் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது வழக்கமான சிட்டுக்குருவி அன்று என்பது புரிந்தது. எந்தப் பறவை என்பது மாமனுக்கும் தெரியவில்லை. அவர் ஒரு மடல் எழுதிக் கொடுத்து, சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பினார். 1883ஆம் ஆண்டு எண்மரால் தொடங்கப்பெற்ற சங்கம் அது. 1908ஆம் ஆண்டு அங்குச் சென்ற சிறுவனைச் சங்கத்தின் மதிப்புறு செயலாளர் மில்லர்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று கூறினார். இழுப்பறைகளைத் திறந்து, பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாய்க் காட்டினார். ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டப்பட்டிருந்தது. பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் என்பன அச்சீட்டில் இருந்தன. படிப்பதற்கு நூல்களையும் அவர் கொடுத்தனுப்பினார். ஒரு சிறுவனின் வினாவிற்கு ஒரு பெரியவர் மதிப்பளித்த அந்த நாளே சலீம் அலியின் வாழ்க்கையைத் திசை திருப்பியது.

பட்டம் பெறாத அறிஞர்

பள்ளிக் கல்வி அவருக்கு எளிதாக அமையவில்லை. தலைவலியால் பன்முறை படிப்பு தடைப்பட்டது. 1913ஆம் ஆண்டு பள்ளி இறுதித் தேர்வில் ஒருவாறு தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தும் படிப்பைத் தொடரவில்லை. குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரவணிகத்தையும் கவனிக்கப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்றார். அங்கே காடும் பறவைகளும் அவரை ஈர்த்த அளவிற்கு வணிகம் ஈர்க்கவில்லை. 1917ஆம் ஆண்டு மும்பைக்குத் திரும்பியபின், சவேரியார் கல்லூரியின் பேராசிரியர் பிளாட்டர் அடிகளார் தூண்டுதலால் விலங்கியல் பயின்றார். 1918ஆம் ஆண்டு தெகமினாவை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமை அவருக்குப் பெருந்தடையாயிற்று. இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. பட்டம் இல்லாத காரணத்தால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926ஆம் ஆண்டு மும்பை அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகப் பணியேற்றார். அறிவை மேலும் பெருக்க வேண்டும் என்னும் வேட்கையால் விடுப்புப் பெற்றுச் செருமனிக்குச் சென்றார். பெர்லின் நகரில் உலகப் புகழ்பெற்ற பறவையியல் அறிஞர் எர்வின் சுதிரேசமன் அவருக்கு ஆசானாக அமைந்தார். எலிகோலாந்து தீவில், வலசைப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வழியை அறியும் முறையையும் அவர் நேரில் கண்டார். தாம் கண்டு கற்ற இம்முறை பிற்காலத்தில் தமிழகத்துக் கடற்கரைக்கும் வந்து சேரும் என்று அவர் அப்போது எண்ணியிருக்க இயலாது.

தூக்கணாங்குருவியின் முன்

1930ஆம் ஆண்டு நாடு திரும்பிய அவரை வரவேற்றது ஏமாற்றமே. நிதிப் பற்றாக்குறையால் அவரது பணியிடம் நீக்கப்பட்டிருந்தது. வருவாய் இன்றி மும்பையில் வாழ்தல் அரிது. ஆகவே மும்பைக்கு அருகிலுள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் மனைவியுடன் குடியேறினார். அங்கே மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. நம் ஊர்களில் கிணற்று மேட்டு மரங்களில் தொங்கும் அக்கூடுகளை அறியாதவர் இலர். பிறர் வியந்து பார்த்துவிட்டுக் கடந்து செல்லும் அக்காட்சியின் முன் சலீம் அலி நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு கூட்டிலும் நடப்பதை நேரம் குறித்து எழுதினார்.

அக்குறிப்புகளிலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆண்குருவி கூட்டைப் பாதியளவு கட்டும். பெண்குருவி வந்து அதனை ஆராயும். ஏற்புடையதாயின் குடியேறும். பின்னர் ஆண்குருவி அக்கூட்டைக் கட்டி முடித்து, சிறிது தொலைவில் வேறொரு கூட்டைத் தொடங்கும். அங்கே மற்றொரு பெண்குருவி குடியேறும். இவ்வாறு ஒரு பருவத்தில் ஓர் ஆண்குருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல இணைகளைப் பெறுகிறது. காலங்காலமாக மக்கள் கண்முன் நிகழ்ந்துவந்த இச்செய்தியை அறிவுலகம் தெளிவாக அறிந்தது சலீம் அலியின் கட்டுரைக்குப் பின்னரே. வேலையின்மையால் வாய்த்த ஓய்வை அவர் அறிவுக்கு உரிய உழைப்பாக மாற்றினார்.

குமுளியில் ஒரு முகாம்

இந்தியாவின் பல பகுதிகளில் எந்தெந்தப் பறவைகள் வாழ்கின்றன என்பதற்கு அக்காலத்தில் முறையான பதிவுகள் இல்லை. சுதேச அரசுகள் பயணச் செலவையும் முகாம் செலவையும் ஏற்றுக்கொண்டால், தாம் ஊதியம் பெறாமலே அப்பகுதிகளின் பறவைகளை அளவாய்வு செய்து தருவதாகச் சலீம் அலி முன்வந்தார். ஐதராபாத்து அரசு முதலில் இசைந்தது. அடுத்து 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் நிலப்பகுதியில் அவ்வாய்வு நடந்தது.

மறையூர், மூணாறு, சாந்தன்பாறை எனத் தொடர்ந்த அப்பயணத்தில் குமுளியும் பெரியாறு ஏரியும் ஆய்விடங்களாக அமைந்தன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் எதிர்ப்படும் ஊர் குமுளி. 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரியாற்று அணையால் உருவான ஏரியின் நீரே சுரங்க வழியாக இப்பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. அந்நீரின் தலைப்பகுதியில் சலீம் அலி பறவைகளைத் தேடி நடந்தார். மாட்டுவண்டியும் கால்நடையுமே பெரும்பாலும் துணையாக இருந்த காலம் அது. தெகமினா அம்மையார் வசதியான நகர வாழ்வில் வளர்ந்தவர். எனினும் கணவருடன் காட்டு முகாம்களில் தங்கி, முகாமின் பொறுப்புகளை ஏற்று நடத்தினார். அவர் இல்லையேல் அவ்வாய்வுகள் அவ்வளவு செம்மையாக நடந்திரா.

அந்நாளில் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திச் சேகரித்தே இனங்களை உறுதி செய்தனர். சலீம் அலியும் அவ்வாறே செய்தார். அறிவியலுக்குத் தேவையான அளவே அது அமைய வேண்டும் என்பதும், வீண் கொலை கூடாது என்பதும் அவர் கொண்ட நெறிகள். இன்றைய பறவை நோக்குநர் இருநோக்கியும் ஒளிப்படக் கருவியும் கொண்டு செய்வதை அன்று வேறு வழியில் செய்ய வேண்டியிருந்தது. எனினும் கருவி எதுவாயினும் குறிப்பெழுதும் முறை ஒன்றே. எந்த இடம், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், எந்த நாள், எவ்வகைக் காடு, பறவை என்ன தின்றது, கூடு கட்டும் பருவமா என்பவற்றை அவர் விடாமல் எழுதினார்.

அக்குறிப்புகளையும் சேகரிப்புகளையும் அவர் தம்மிடமே பூட்டி வைக்கவில்லை. இந்தியாவில் காவல்துறையில் பணியாற்றிப் பின் இங்கிலாந்தில் வாழ்ந்த இயூ விசுலர் என்னும் பறவையியல் வல்லுநருடன் மடல்வழிக் கருத்துப் பரிமாற்றம் செய்தார். ஆய்வின் முடிவுகள் சங்கத்தின் ஆய்விதழில் தொடராக வெளிவந்தன. பின்னாளில் அவை திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாகவும், கேரளப் பறவைகள் என்னும் நூலாகவும் விரிந்தன.

1939ஆம் ஆண்டு பேரிடி ஒன்று விழுந்தது. ஓர் அறுவை மருத்துவத்திற்குப் பின் தெகமினா அம்மையார் காலமானார். காட்டிலும் வீட்டிலும் துணைநின்றவரை இழந்த சலீம் அலி மனமுடைந்தார். உடன்பிறந்த தமக்கையின் குடும்பம் அவரை அரவணைத்தது. மெல்ல அவர் மீண்டும் குறிப்பேட்டைக் கையில் எடுத்தார்.

தொலைந்த தாள்கள் புகட்டும் பாடம்

சலீம் அலிக்கு முன்பே இந்தியாவில் பறவை நோக்கர்களை ஒன்றிணைத்தவர் ஒருவர் உண்டு. இந்திய தேசியக் காங்கிரசு தோன்றக் காரணமானவர் என வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் ஆலன் ஆக்டேவியன் இயூம் அவர். நாடெங்கும் பணியாற்றிய அலுவலர்களும் பிறரும் தாம் கண்ட பறவைகளைப் பற்றி அவருக்கு மடல் எழுதினர். அவற்றை வெளியிடவே 1872ஆம் ஆண்டு முதல் ஓர் இதழையும் அவர் நடத்தினார். இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுத அவர் பல ஆண்டுகள் திரட்டிய கையெழுத்துத் தாள்கள் சிம்லாவிலிருந்த அவரது இல்லத்தில் இருந்தன. அவர் வெளியூரில் இருந்தபோது, வேலையாள் ஒருவர் அத்தாள்களைக் கடைத்தெருவில் பழந்தாள் விலைக்கு விற்றுவிட்டார். மறுபடி ஒன்று இல்லை. உள்ளம் உடைந்த இயூம் தம் சேகரிப்பு முழுவதையும் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிட்டுப் பறவையியலிலிருந்து விலகினார். இதழில் அச்சேறியவை இன்றும் வாழ்கின்றன. பெட்டிக்குள் இருந்தவை மறைந்தன.

1941ஆம் ஆண்டு சலீம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் என்னும் நூல் வெளிவந்தது. அதுவரை பறவை நூல்கள் வல்லுநர்க்கு மட்டும் உரியனவாய் இருந்தன. இந்நூலோ பொதுமக்கள் கையில் வண்ணப்படங்களுடன் தவழ்ந்தது. பறவையின் பெயரை அறிந்தால்தான் கண்டதைப் பிறர்க்கு உரைக்க இயலும். எனவே அந்நூல், நாடு முழுவதும் உள்ள பறவை ஆர்வலர்க்கு ஒரு பொதுமொழியைக் கொடுத்தது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

பறவையின் அளவை அங்குலக் கணக்கில் சொன்னால் புதியவர்க்குப் புரியாது. ஆகவே சலீம் அலி தம் நூலில் அனைவரும் அறிந்த பறவைகளை அளவுகோலாகக் கொண்டார். சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம், பருந்து போன்றவற்றோடு ஒப்பிட்டு, அதனினும் பெரியது அல்லது சிறியது என விளக்கினார். பறவை நோக்குவோர் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகின்றனர்.

சாபர் புத்தேகல்லி பறவை நோக்குநர்களுக்கென ஒரு செய்திமடலைத் தொடங்கினார். படியெடுப்புப் பொறியில் அச்சிடப்பட்ட எளிய தாள்களே அச்செய்திமடல். தம் ஊர்க் குளத்தில் என்ன கண்டோம், எந்த நாளில் முதல் வலசைப் பறவை வந்தது, எத்தனை இருந்தன என்பவற்றை எளியோரும் அதில் எழுத முடிந்தது. சலீம் அலியும் அதில் எழுதினார். உலகறிந்த அறிஞரின் குறிப்பும் ஊரறியாத ஆர்வலரின் குறிப்பும் ஒரே தாளில் அருகருகே இடம்பெற்றன.

வளையம் சொன்ன செய்தி

1957ஆம் ஆண்டு கருநாடகத்தின் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகள் இறந்தன. மக்களும் காய்ச்சலுக்கு ஆளாயினர். உண்ணிகளால் பரவும் அந்நோயின் கிருமி, உருசிய நாட்டில் அறியப்பட்ட ஒரு நோய்க்கிருமியை ஒத்திருந்தது. வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்னும் ஐயம் எழுந்தது. அதற்கு விடை காண வேண்டுமாயின், எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பின் துணையுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் சலீம் அலி. பொழுதுபோக்கு எனச் சிலர் கருதிய பறவை நோக்குதல், மக்கள் உயிர்காக்கும் ஆய்வுக்கும் தேவையாயிற்று.

வலையில் அகப்பட்ட பறவையின் காலில் எடை குறைந்த உலோக வளையம் ஒன்றைப் பூட்டுவர். அதில் ஓர் எண்ணும், கண்டெடுப்பவர் செய்தி அனுப்ப வேண்டிய சங்கத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர்ப் பறவை விடுவிக்கப்படும். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் யாரோ ஒருவர் அவ்வளையத்தைக் கண்டு மடல் எழுதினால்தான் அதன் பயன் விளையும். எழுதாவிடில் அது வெறும் உலோகத்துண்டு. அறிமுகம் இல்லாத மனிதர்களின் நேர்மையை நம்பிப் பறவையின் காலில் கட்டி அனுப்பப்பட்ட மடல் என்றே அவ்வளையத்தைக் கூறலாம்.

வளையமிடும் பணி நடந்த இடங்களுள் நம் மாநிலத்தின் கோடிக்கரை சிறப்புடையது. பூநாரைகளும் உள்ளான் இனங்களும் குளிர்காலத்தில் பெருந்திரளாய் வந்திறங்கும் அக்கடற்கரை, 1967ஆம் ஆண்டு காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எலிகோலாந்தில் சலீம் அலி கண்டறிந்த முறை, கோடிக்கரையின் உவர்மண்ணில் பயன் தந்தது. இராசத்தானின் பரத்பூர் நீர்நிலையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காக்கப்பட வேண்டும் என அவர் குரல் கொடுத்தார். அக்குரலுக்கு வலிமை தந்தவை உணர்ச்சிச் சொற்கள் மட்டும் அல்ல. அங்கே என்ன வாழ்கின்றன என்பதைக் காட்டும் குறிப்புகள் அவரிடம் இருந்தன.

அமெரிக்கப் பறவையியலாளர் தில்லன் இரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய, இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1974ஆம் ஆண்டு நிறைவுற்றது. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். எண்ணற்றோர் பல தலைமுறைகளாகக் கண்டு எழுதிய குறிப்புகள் அந்நூலில் ஒன்றுசேர்ந்தன.

மேகமலையில் கிடைத்த பெயர்

சலீம் அலியின் பெயர் சுருளிப்பட்டிக்கு மேலுள்ள மலையோடு பிணைந்த வரலாறு வியப்புக்குரியது. அப்பெயரைத் தாங்கியிருப்பது பறவை அன்று, ஒரு வௌவால்.

ஆங்கிலேயர் ஐவேவி என அழைத்த மேகமலையில் 1948ஆம் ஆண்டு ஆங்கசு அட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்தார். அதனைப் பதப்படுத்திப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அனுப்பினார். எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று அது கருதப்பட்டது. அப்பெயருடனே இழுப்பறைக்குள் உறங்கியது. 1970ஆம் ஆண்டு தாய்லாந்து நாட்டு விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அச்சேகரிப்பை ஆராய்ந்தார். அதன் பற்களின் அமைப்பு வேறுபட்டிருப்பதைக் கண்டார். ஆய்ந்து பார்த்தபோது அது புதிய இனம் மட்டும் அன்று, புதிய பேரினமும் ஆகும் என்பது உறுதியாயிற்று. 1972ஆம் ஆண்டு அதனை உலகிற்கு அறிவித்தபோது, சலீம் அலியைப் பெருமைப்படுத்தும் வகையில் இலேட்டிடென்சு சலீமலி என்று பெயரிட்டார்.

மேகமலையில் ஒருவர் பிடித்தார். மும்பையில் ஒரு சங்கம் காத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அயல்நாட்டவர் ஒருவர் உண்மையைக் கண்டார். முதலில் இட்ட பெயர் பிழையானது. ஆனால் இடத்தின் பெயரும் ஆண்டும் குறித்து வைக்கப்பட்டிருந்தன. அக்குறிப்பு இருந்தமையால் பிழை திருத்தப்பட்டது. இன்று அவ்வௌவாலின் வாழிடமான மேகமலைக் காடுகள், 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக விளங்குகின்றன.

நிறைவும் தொடர்ச்சியும்

பல்கலைக்கழகங்கள் பின்னாளில் சலீம் அலிக்கு மதிப்புறு முனைவர் பட்டங்களை வழங்கின. நடுவணரசு 1958ஆம் ஆண்டு பத்மபூசண் விருதையும் 1976ஆம் ஆண்டு பத்மவிபூசண் விருதையும் அளித்தது. காட்டுயிர்ப் பாதுகாப்பிற்கான பன்னாட்டுப் பரிசான பால் கெட்டி விருது கிடைத்தபோது, அப்பெருந்தொகையின் பெரும்பகுதியைத் தமக்கு அறிவுக்கண் திறந்த சங்கத்திற்கே கொடுத்தார். 1985ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டே, ஒரு சிட்டின் வீழ்ச்சி எனப் பொருள்படும் தலைப்பில் அவரது தன்வரலாறு வெளிவந்தது. 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் காலமானார். அவர் நினைவாக 1990ஆம் ஆண்டு சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் கோவையில் தொடங்கப்பெற்றது.

அவர் வளர்த்த வழக்கம் இன்று நம்மிடையே வாழ்கிறது. 2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாள்களில் தத்தம் ஊர்ப் பறவைகளைக் கணக்கெடுத்துப் பகிர்ந்து வருகின்றனர். போகி முதல் காணும் பொங்கல் வரையிலான நான்கு நாள்களில் யார் வேண்டுமானாலும் கால்மணி நேரம் நின்று கண்டதை எழுதலாம். பள்ளி மாணவரும் அதில் பங்குகொள்கின்றனர். அரிய பறவையைக் கண்டால்தான் எழுத வேண்டும் என்பதில்லை. காகமும் மைனாவும் எத்தனை இருந்தன என்பதும் வேண்டிய செய்தியே. எவ்வளவு இருந்தன என்று இன்று எழுதி வைத்தால்தான், குறைந்துவிட்டன என்பதை நாளை சொல்ல இயலும்.

வரும் மார்கழியில் சுருளிப்பட்டியின் ஓடைக்கரைக்கு வாலாட்டி மீண்டும் வரும். அதனைக் காணும் மாணவர் ஒருவர் நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு, பெயர் தெரியாவிடில் தெரியவில்லை என்றே குறித்து, தெரிந்தவரிடம் கேட்கலாம். 1908ஆம் ஆண்டு மஞ்சள்தொண்டைச் சிட்டைக் கையில் ஏந்திச் சென்ற சிறுவனும் பெயர் தெரியாமல்தான் சென்றான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள குளம், ஓடை, தோப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, மார்கழி, தை மாதங்களில் வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் கால்மணி நேரம் பறவைகளை நோக்குக. நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அதன் செயல் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

2. ஒரே பறவைக்கு உங்கள் ஊரிலும் அயலூர்களிலும் வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.

3. இயூமின் கையெழுத்துத் தாள்களுக்கு நேர்ந்ததையும் மேகமலை வௌவாலின் குறிப்புக்கு நேர்ந்ததையும் ஒப்பிட்டு, அறிவைப் பகிர்தலின் தேவை குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.